தொண்ணூற்றைந்தா, தொண்ணூற்றெட்டா

மார்ச் 3

சின்னுவுக்கு,

இது சமாதானக் கடிதம் இல்லை. காரைப் பற்றி ஒரு கேள்வி கேட்க வேண்டியிருக்கிறது. எனக்குத் தெரிந்தவர்களில் எஞ்சின் வேலை உருப்படியாகத் தெரிந்தவள் நீ ஒருத்திதான். போனில் கேட்டிருக்கலாம். ஆனால் நாம் கடைசியாகப் பேசியது பதினெட்டு நிமிஷம், அதில் பதினேழு நிமிஷம் கத்தல். எழுதினால் குறுக்கே பேச முடியாது.

முகவரி மாறியிருப்பதைப் பார்த்திருப்பாய். ஜனவரியில் என்னை மாவட்ட ஆஸ்பத்திரியிலிருந்து இந்த மலை மேல் இருக்கும் சுகாதார நிலையத்துக்கு மாற்றிவிட்டார்கள். ஒரு டாக்டர், ஒரு நர்ஸ், ஆறு கட்டில். நர்ஸ் நான்தான். வாரத்தில் மூன்று நாள் தடுப்பூசிப் பெட்டியோடு சுற்றுவட்டாரம் போக வேண்டும். ஆம்புலன்ஸ் என்று ஒன்று உண்டு. மாதத்தில் பாதி நாள் அதுவே ஒர்க்‌ஷாப்பில் நோயாளியாகப் படுத்திருக்கும். ஆகவே எல்லாவற்றுக்கும் இந்தக் கார்தான். நீ கொடுத்த கார்.

ஏற்றத்தில் ஆக்ஸிலேட்டரை அழுத்தினால் எஞ்சினுக்குள் ஒரு சத்தம் வருகிறது. தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்கினால் வருமே, அந்த மாதிரி. சமதளத்தில் இல்லை. இறக்கத்தில் இல்லை. கீழே ஒன்றரை வருஷம் ஓட்டினேன், ஒரு நாளும் கேட்டதில்லை. அங்கே பங்க்கில் இருந்ததிலேயே உசத்தியான பெட்ரோலைத்தான் போட்டுவந்தேன். காரணம் ஒன்றுமில்லை, உசத்தி என்றால் நல்லதாகத்தான் இருக்கும் என்ற எண்ணம்.

இங்கே ஒரே ஒரு பங்க். அதில் 91 ஆக்டேன் மட்டும்தான். பெட்ரோல் மூடியின் உள்பக்கத்தில் “குறைந்தது 95” என்று ஒட்டியிருக்கிறது. பங்க்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன். “அதெல்லாம் கீழ ஓட்டுறவங்களுக்கும்மா. மலையில காத்து கம்மி. 91 தாராளமாப் போதும்” என்றார். எங்கள் டாக்டரோ, “பாட்டில்ல ஒரு மருந்து விக்கிறாங்க, டேங்க்ல ஊத்தினா ஆக்டேன் ஏறிடும்” என்கிறார். மனிதருக்கு மருந்து எழுதுவதற்குப் பத்துத் தடவை யோசிப்பவர், காருக்கு யோசிக்கவே இல்லை. இங்குள்ள மெக்கானிக், “98 போட்டுப் பாருங்க, வண்டி பறக்கும்” என்றார். எனக்குப் பறக்க வேண்டாம். ஏறினால் போதும்.

எதைப் போடுவது? ஒரு பக்கத்துக்குள் எழுது.

அப்பாவுக்குத் தனியாக ஒரு கடிதம் உள்ளே இருக்கிறது. படித்துக் காட்டு. நடுவில் உன் கருத்தைச் சேர்க்காதே.

அக்கா

*

மார்ச் 11

அக்கா,

ஒரு பக்கத்துக்குள் வராது. பொறுத்துக்கொள்.

அந்தச் சத்தத்துக்குப் பெயர் நாக்கிங். பெட்ரோலும் காற்றும் கலந்து சிலிண்டருக்குள் நசுங்கும்போது, பிளக் நெருப்பு வைக்கும் வரை அது பொறுமையாக இருக்க வேண்டும். அழுத்தமும் சூடும் அதிகமானால் பிளக்கின் நெருப்பு வந்து சேரும் முன்பே அதன் ஒரு மூலை தானாக வெடித்துவிடும். சுத்தியலால் பிஸ்டன் தலையில் அடித்ததற்குச் சமம். ஆக்டேன் என்பது அந்தப் பொறுமையின் அளவு, அவ்வளவுதான். சக்தியின் அளவு இல்லை. 95 கேட்கும் சாதாரண வண்டிக்கு 98 ஊற்றினால் பறக்காது, பர்ஸ்தான் பறக்கும். உங்கள் மெக்கானிக்கிடம் சொல்.

பங்க்காரர் சொன்னது முழுப் பொய் இல்லை. மேலே காற்று மெலிசு, அதனால் டர்போ இல்லாத வண்டிக்குக் குறைந்த ஆக்டேன் போதும். உன் வண்டியில் டர்போ இருக்கிறது, காற்றை எஞ்சினுக்குள் ஊதும் விசிறி. வெளியே காற்று குறைந்தால் அது இன்னும் வேகமாகச் சுற்றி, வேண்டிய அளவைத் திணித்துவிடும். எஞ்சினுக்கு மலை ஏறியதே தெரியாது. டாக்டரின் பாட்டிலில் ஏறுவது அரைப் புள்ளி, மிஞ்சினால் ஒரு புள்ளி. வேண்டாம்.

செய்ய வேண்டியது: 91ஐ நிறுத்து. எங்கே கிடைத்தாலும் போய் 95 போடு. <u>முடிந்தால் 98.</u> 91 டேங்க்கில் கிடந்தால் அது தீரும் வரை பெரிய கியரில் ஏற்றத்தை மிதிக்காதே. இரண்டாவது கியருக்கு இறக்கு, எஞ்சின் வேகமாகச் சுற்றட்டும், கால் மட்டும் லேசாக இருக்கட்டும். டர்போ ஊத ஆரம்பித்தால் காலிலேயே தெரியும். அதற்கு முன்னால் அழுத்துவதை நிறுத்திக்கொள். ஏசியை அணைத்துவிடு. பின்னால் ஹாரன் அடிப்பான், அடிக்கட்டும்.

அப்பாவிடம் படித்துக் காட்டினேன். கருத்து எதுவும் சேர்க்கவில்லை. கேட்டுவிட்டு, படுத்தபடியே முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அவருக்கு இப்போது நாலைந்து வார்த்தைதான் வருகிறது. நீ இருந்திருந்தால் உனக்கே தெரிந்திருக்கும்.

சின்னு

*

மார்ச் 20

சின்னு,

நீ சொன்னபடியே செய்தேன். கணவாயைத் தாண்டி அந்தப்பக்கம் இறங்கினால் பெரிய ஆஸ்பத்திரி இருக்கும் டவுன். அங்கே 95 இருக்கிறது, 98 இல்லை. டேங்க் கிட்டத்தட்டக் காலியாகும் வரை ஓட்டி, அங்கே போய் நிரப்பினேன். சத்தம் பாதியாகக் குறைந்தது. நிற்கவில்லை. கணவாய் ஏற்றத்தில் இன்னும் கூழாங்கல் உருள்கிறது.

மூடியில் 95 போதும் என்று கம்பெனிக்காரனே ஒட்டியிருக்கிறான். அதைப் போட்டும் ஏன் நிற்கவில்லை? இன்னொன்று. “முடிந்தால் 98” என்பதற்கு அடிக்கோடு போட்டிருக்கிறாய். எனக்கு நினைவு தெரிந்து நீ எதற்கும் அடிக்கோடு போட்டதில்லை; பரீட்சைத் தாளிலேயே போடமாட்டாய். என்ன விஷயம்?

அப்புறம், “நீ இருந்திருந்தால்.”

அம்மா படுக்கையில் கிடந்த ஏழு வருஷமும் இருந்தது நான். டியூட்டியில் ஆறு பேருக்குப் படுக்கை மாற்றிவிட்டு வீட்டுக்கு வந்து ஏழாவதாக அம்மாவுக்கு மாற்றினேன். நீ அந்தக் காரை எடுத்துக்கொண்டு மலையேற்றப் போட்டி என்று ஊர் ஊராகச் சுற்றினாய். கோப்பையோடு வந்து நிற்பாய். நானும் கைதட்டினேன். ஒரு வார்த்தை கேட்டேனா?

அப்பா பக்கவாதத்தில் விழுந்த பத்தாவது நாள் எனக்கு மாவட்ட ஆஸ்பத்திரி உத்தரவு வந்தது. இன்னொரு ஏழு வருஷத்துக்கு என் உடம்பில் தெம்பு இல்லை. அதைச் சொல்லத்தான் அன்றைக்கு வாயெடுத்தேன். அதற்குள் நீ, “ஓடிப் போறவளுக்கு வண்டி எதுக்குக் குறை, எடுத்துட்டுப் போ” என்று சாவியை என் காலடியில் எறிந்தாய். நான் குனிந்து எடுத்தேன். அந்தக் குனிதலை இன்னும் மறக்கவில்லை.

காருக்குப் பதில் எழுது. மற்றதற்கு வேண்டாம்.

அக்கா

*

மார்ச் 28

அக்கா,

காருக்குத்தான் எழுதுகிறேன்.

95 போட்டும் சத்தம் நிற்காததற்குக் காரணம் நான்.

அந்த வண்டி கம்பெனி செய்து அனுப்பிய வண்டி இல்லை. போட்டிக்காக நான் அதன் எஞ்சின் கம்ப்யூட்டரைத் திறந்து கணக்குகளை மாற்றி எழுதினேன். டர்போ அதிகமாக ஊதும். பிளக் முன்கூட்டியே நெருப்பு வைக்கும். 98 மட்டும்தான் போடப்போகிறேன் என்று நம்பி எழுதிய கணக்கு அது. நாக்கிங் வந்தால் அதைக் கேட்டு, நெருப்பைத் தள்ளிப்போட்டுப் பின்வாங்கச் சென்சார் ஒன்று இருக்கிறது. அது பின்வாங்கும் தூரத்தையும் குறைத்து வைத்தேன். போட்டியில் பின்வாங்கினால் தோற்றுப்போவேன் இல்லையா. மூடியிலிருந்த ஸ்டிக்கரை மாற்றவில்லை. ஓட்டுவது நான்தானே, எனக்கு எதற்கு ஸ்டிக்கர் என்று விட்டுவிட்டேன்.

சாவியை எறிந்தபோது இதெல்லாம் நினைவில் இல்லை. சத்தியமாக. மறுநாள் காலையில் ஒர்க்‌ஷாப்பைத் திறக்கும்போது நினைவு வந்தது. போனைக் கையில் எடுத்தேன். கூப்பிட்டால் நான் முதலில் இறங்கி வந்ததாக ஆகிவிடும் என்று வைத்துவிட்டேன். பிறகு, கீழே எல்லா பங்க்கிலும் 98 இருக்கிறது, நீ எப்போதும் உசத்தியானதைத்தான் வாங்குவாய் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அந்தச் சமாதானம் ஒன்றரை வருஷம் ஓடியது.

உன் முதல் கடிதம் வந்தபோது “கூழாங்கல்” என்ற வார்த்தையைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. உண்மையை எழுதினேன், கிழித்தேன். மறுபடி எழுதினேன், மறுபடி கிழித்தேன். கடைசியில் ஓர் அடிக்கோடு மட்டும்தான் மிஞ்சியது. என் ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்க்கும் ஆள் எவனாவது இப்படிச் செய்திருந்தால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பேன்.

இனி அந்த வண்டியை ஏற்றத்தில் ஓட்டாதே. டவுனுக்குக்கூட வேண்டாம். நிறுத்தி வை. இந்தக் கடிதத்தை நாலு நாளைக்கு முன்பே உனக்குச் சேர்த்திருக்க வேண்டும். தபால் வேன் செவ்வாயும் வெள்ளியும்தான் மேலே வரும் என்கிறார்கள். போன் செய்தேன். என் எண்ணை நீ தடுத்து வைத்திருக்கிறாய். சுகாதார நிலைய எண்ணில் யாரும் எடுக்கவில்லை.

நிறுத்தி வை அக்கா.

சின்னு

*

ஏப்ரல் 4

சின்னு,

உன் கடிதம் நேற்று, வெள்ளிக்கிழமை வந்தது. வண்டி செவ்வாய்க்கிழமையே நின்றுவிட்டது.

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். டியூட்டி ரிப்போர்ட் எழுதிப் பழகிய கை, அப்படித்தான் வரும்.

செவ்வாய் மதியம் பன்னிரண்டே முக்காலுக்கு ஒரு கொத்தனாரின் மனைவியைக் கட்டிலோடு தூக்கிவந்தார்கள். எட்டாவது மாதம். ரத்தப்போக்கு நிற்கவில்லை. டாக்டர் கீழே கூட்டத்துக்குப் போயிருந்தார். ஆம்புலன்ஸ் வழக்கம்போல ஒர்க்‌ஷாப்பில். போன் லைன் மூன்று நாளாகக் கிடையாது. சலைன் ஏற்றிவிட்டு, அந்தப் பெண்ணைப் பின் சீட்டில் படுக்கவைத்து, அவள் நாத்தனாரிடம் பாட்டிலைத் தூக்கிப் பிடிக்கச் சொன்னேன். டேங்க்கில் இருந்தது பாதி 95, பாதி 91. முந்தின வாரம் ஊர் ஊராகச் சுற்றியதில் 95 குறைந்து, வேறு வழியில்லாமல் இங்கே ஊற்றியது.

கணவாய்க்குப் பதினோரு கிலோமீட்டர் ஏற்றம். உன் கடிதத்தை அலமாரிக் கதவில் ஒட்டிவைத்திருந்தேன், மனப்பாடம் ஆகியிருந்தது. இரண்டாவது கியர். கால் லேசாக. ஏசி இல்லை. பின்னால் ஒரு லாரிக்காரர் ஹாரன் அடித்தார், அடிக்கட்டும் என்று விட்டேன். கொத்தனார் என் பக்கத்து சீட்டில் இருந்தார். “இன்னும் கொஞ்சம் வேகமா போங்கம்மா” என்று கையெடுத்துக் கும்பிட்டார். “வேகமா போனா வண்டி நின்னுடும்ங்க. இப்படிப் போனாத்தான் போய்ச் சேருவோம்” என்றேன். அவருக்குப் புரியவில்லை. எட்டாவது கிலோமீட்டரில் அவர் அழ ஆரம்பித்தார். நான் ஒரே ஒரு தடவை, ஒரே ஒரு வளைவில், அழுத்தி மிதித்துவிட்டேன்.

கூழாங்கல் இல்லை. ஒரே ஒரு அடி. பிறகு எஞ்சின் நடுங்க ஆரம்பித்தது. கண்ணாடியில் பார்த்தால் பின்னால் நீலப்புகை. ஆனால் நிற்கவில்லை. நடுங்கிக்கொண்டே கணவாயைத் தொட்டது. அதற்கப்புறம் இறக்கம்தான். ஆஸ்பத்திரி வாசலில் பிரேக் பிடித்ததும் தானாக அணைந்தது. மறுபடி ஸ்டார்ட் ஆகவில்லை.

அந்தப் பெண் பிழைத்துக்கொண்டாள். பெண் குழந்தை, ஒன்றே முக்கால் கிலோ, கண்ணாடிப் பெட்டியில் இருக்கிறது. பால் வண்டியில் திரும்பி வந்தேன்.

மூன்று நாள் கழித்து உன் கடிதம்.

நீ எழுதிய மாதிரி ஓட்டியதால்தான் போய்ச் சேர்ந்தோம். நீ எழுதாமல் விட்டதால்தான் வண்டி போனது. இரண்டும் நீயேதான். உன்னைத் திட்டுவதா, என்ன செய்வதா என்று நேற்றிலிருந்து யோசிக்கிறேன். பத்து நிமிஷம் தாமதமாகியிருந்தால் நான் உன்னிடம் ஆயுசுக்கும் பேசியிருக்கமாட்டேன். அது மட்டும் நிச்சயம்.

உன் எண்ணை விடுவித்துவிட்டேன். ஆனால் கூப்பிடாதே. லைன் வந்துவிட்டது, எனக்குத்தான் இன்னும் பேச வரவில்லை.

அக்கா

*

ஏப்ரல் 10

அக்கா,

உன் கடிதத்தை ஒர்க்‌ஷாப்பில் நின்றபடி படித்தேன். பிறகு உட்கார்ந்து படித்தேன். மன்னிப்பு என்று எழுதினால் நீ அதை மடித்து வைத்துவிடுவாய், தெரியும். வேலையைச் சொல்கிறேன்.

நீ சொல்லும் அந்த ஒரு அடியும் நீலப்புகையும் ஒன்றைத்தான் காட்டுகிறது: ஒரு பிஸ்டனின் விளிம்பு உடைந்திருக்கிறது. எஞ்சினைத் திறந்தால்தான் நிச்சயமாகத் தெரியும். பிஸ்டன், ரிங், கேஸ்கெட் எல்லாம் எடுத்துவைத்துவிட்டேன். நானே வந்து செய்ய வேண்டும். வேறு யாரும் அந்தக் கம்ப்யூட்டரைத் தொட்டால் நான் எழுதிவைத்த கணக்கு அவர்களுக்குப் புரியாது. பத்து நாள் பிடிக்கும்.

அப்பாவைத் தனியாக விட்டு வர முடியாது. ஒரு நாள், இரண்டு நாள் என்றால் பக்கத்து வீட்டு டெய்லர் பார்த்துக்கொள்வார். பத்து நாள் அவரைக் கேட்க முடியாது.

அதனால் இப்படி யோசித்தேன். நீ லீவு போட்டு இங்கே வா. நான் அங்கே போகிறேன். என் முகத்தைப் பார்க்க வேண்டாம் என்றால் பார்க்க வேண்டாம். நான் இருபதாம் தேதி காலை பஸ்ஸில் கிளம்புகிறேன்; உன் பஸ் அன்று மதியம்தான் இங்கே வரும். நடுவில் டெய்லர் இருப்பார். முப்பதாம் தேதி அதே மாதிரி திரும்ப மாற்றிக்கொள்ளலாம். சாவி டெய்லரிடம்.

அப்பாவுக்கு என்னென்ன, எத்தனை மணிக்கு என்று எழுதிவைக்கவில்லை. உனக்கு எழுதிவைத்தால் அது அவமரியாதை.

சின்னு

*

ஏப்ரல் 25

அக்கா,

இதைப் பஸ் டிரைவர் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

நினைத்தது சரி. மூன்றாவது சிலிண்டரில் பிஸ்டன் விளிம்பு உடைந்து ரிங் சிக்கியிருந்தது. சிலிண்டர் சுவரில் கீறல் இல்லை, அதிர்ஷ்டம். வண்டி நின்ற டவுன் ஆஸ்பத்திரியின் ஷெட்டில் வைத்தே எஞ்சின் தலையைக் கழற்றினேன். உங்கள் மெக்கானிக் கூடவே வந்து உதவுகிறார். நல்ல வேலைக்காரர். 98 போட்டால் பறக்கும் என்ற நம்பிக்கையை மட்டும் கைவிடமாட்டேன் என்கிறார்.

கம்ப்யூட்டரில் கம்பெனிக் கணக்கைத் திரும்ப ஏற்றிவிடலாம் என்றுதான் வந்தேன். அப்படிச் செய்தால் 95 போதும். ஆனால் இங்கே 95ஐ வாங்கவே கணவாயைத் தாண்ட வேண்டியிருக்கிறது. நேற்று உன் தடுப்பூசிப் பாதை முழுக்க டாக்டரின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து சுற்றிப் பார்த்தேன். அந்த மூன்றாவது ஊருக்குப் போகும் வழியைப் பாதை என்று யார் சொன்னது? வாய்க்காலில் கல்லைப் போட்டிருக்கிறார்கள். இங்கே இருப்பவளுக்கு அவசரத்தில் எது கிடைக்குமோ, அதில் ஓடுகிற வண்டிதான் வண்டி.

அதனால் டர்போவின் ஊதலைக் கம்பெனி வைத்ததைவிடவும் குறைத்து, நெருப்பு வைக்கும் நேரத்தையும் தள்ளிப்போட்டு, 91க்கென்றே புதுக் கணக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன். சென்சார் எவ்வளவு வேண்டுமானாலும் பின்வாங்கலாம். ஏற்றத்தில் வண்டி சோம்பலாக இருக்கும். முந்த முடியாது. ஆனால் உடையாது. மூடியில் என் கையாலேயே புது ஸ்டிக்கர் எழுதி ஒட்டுகிறேன். 95 கிடைத்தால் போடு, கெடுதல் இல்லை. தேடி அலையாதே.

உன் குவார்ட்டர்ஸில்தான் தங்கியிருக்கிறேன், பால் வண்டியில் டவுனுக்குப் போய்வருகிறேன். இந்த அறையில் ஒரு நாற்காலி மட்டும் இருக்கிறது. ஒரு தட்டு, ஒரு டம்ளர். சுவரில் அடுத்த ஆறு மாதத்து டியூட்டி அட்டவணை, எல்லாக் கட்டத்திலும் உன் ஒருத்தி பெயர்தான். ஓடிப்போனவள் என்று நான் சொன்னேனே. இங்கே ஓடிவந்து நீ என்ன சுகத்தைக் கண்டாய் என்று நாற்காலியில் உட்கார்ந்து தேடிப் பார்த்தேன். ஜன்னல் நன்றாக இருக்கிறது. அது ஒன்றுதான்.

கொத்தனார் வந்தார். குழந்தையைப் பெட்டியிலிருந்து எடுத்துவிட்டார்களாம். “நீங்கதான் நர்ஸம்மாவோட தங்கச்சியா? உங்க வண்டிதான் எங்களைக் காப்பாத்துச்சு” என்று என் கிரீஸ் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்கு எங்கே முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. “வண்டி இல்லைங்க, ஓட்டினவங்க” என்றேன். அதற்குமேல் சொல்லத் தைரியம் வரவில்லை. நீ சொல்லிவிட்டாயா என்றும் தெரியவில்லை.

சின்னு

*

ஏப்ரல் 27

சின்னு,

அவரிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லப்போவதும் இல்லை. அது நம் வீட்டு விஷயம்.

அப்பா நன்றாக இருக்கிறார். நான் வாசலில் நின்றதும் கொஞ்ச நேரம் பார்த்தார், பிறகு “சின்னு” என்றார். “சின்னு இல்லப்பா, பெரியவ” என்றேன். தலையை ஆட்டிவிட்டு மறுபடியும் “சின்னு” என்றார். ஒரு வாரமாக என்னை அப்படித்தான் கூப்பிடுகிறார். முதல் நாள் வலித்தது. இப்போது பழகிவிட்டது. தண்ணீர் வேண்டும் என்றாலும் சின்னு, விளக்கை அணை என்றாலும் சின்னு. அவரிடம் மிஞ்சியிருக்கும் நாலு வார்த்தையில் ஒன்று நீ.

கட்டிலுக்கு மேலே நீ மாட்டியிருக்கும் அந்தச் செயினும் கப்பியும் எஞ்சின் தூக்குவதற்கு வைத்திருந்ததுதானே? படுக்கை விரிப்பில் கொக்கி தைத்து, ஒரே ஆளாக அவரைத் தூக்கித் திருப்புவதற்கு. நானும் பதினைந்து வருஷமாக நர்ஸ் வேலை பார்க்கிறேன், இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. அவர் முதுகைப் பார்த்தேன். இரண்டு வருஷம் படுத்திருக்கும் மனிதருக்கு ஒரு புண் இல்லை. அம்மாவுக்கு என்னால் அப்படிப் பார்த்துக்கொள்ள முடியவில்லை. அம்மாவுக்குப் புண் வந்தது. உனக்குத் தெரியாது, நீ பார்க்காதபடி போர்த்திவைப்பேன்.

உன் தோள் எப்படி இருக்கிறது? கப்பி இருந்தாலும் இழுப்பது கைதானே. மருந்து டப்பாவில் பாதி உன் தோள்வலி மாத்திரை. டெய்லரைக் கேட்டேன். “ஒரு வருஷமா இடது கையைத் தூக்க மாட்டேங்குது. உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு சொல்லியிருக்கு” என்றார். அந்தக் கையோடுதான் இப்போது எஞ்சினைக் கழற்றிக்கொண்டிருக்கிறாயா? மெக்கானிக்கைத் தூக்கச் சொல். நீ வாயால் வேலை வாங்கு, அது உனக்கு நன்றாக வரும்.

காருக்கு நீ எழுதியிருப்பது சரி. சோம்பலாகவே ஏறட்டும்.

இன்று காலை டாக்டருக்குப் போன் செய்து லீவை மே ஆறு வரை நீட்டச் சொன்னேன். ஆம்புலன்ஸ் திரும்பி வந்துவிட்டதாம், மாவட்டத்திலிருந்து ஒரு நர்ஸையும் அனுப்புகிறார்களாம். ஆகவே முப்பதாம் தேதி நான் பஸ் ஏறப்போவதில்லை. நீ வேலையை முடித்துவிட்டு அந்தக் காரையே ஓட்டிக்கொண்டு இங்கே வா. வழியெல்லாம் 91 போட்டே வா, உன் கணக்கு சரியா என்று தெரிந்துவிடும். நான் மலைக்குத் திரும்ப அதில்தானே போக வேண்டும்.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு வராதே. கேட்க வேண்டியது நிறைய இருக்கிறது. சாவியைப் பற்றி, அம்மாவைப் பற்றி, அந்த அடிக்கோட்டைப் பற்றி. கடிதத்தில் எழுதினால் உன்னால் குறுக்கே பேச முடியவில்லை, எனக்கும் கத்தினாற்போல் இல்லை. நேரில் வைத்துக்கொள்ளலாம்.

அக்கா